காப்புக் கட்டிய கை

"ஹலோ... ஹலோ... ஆங், நான்தான் மச்சான், சொல்லு. ...ஆமா, ஆமா, கோயில் கூட்டத்துலேர்ந்து இப்பதான் வந்தேன். ...சத்தியமா? எல்லாரும் சூடத்த அணைச்சி பண்ணாங்க. நான் பண்ணல."

சடையப்பன் வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. ஞாயிற்றுக்கிழமை தீமிதி, அதுவரை கவுச்சியும் ஆகாது, பொய்யும் ஆகாது. பெண்ணாடத்திலிருந்து பேசுகிறவன் மனைவியின் தம்பி கார்த்திகேசன். அவனுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன!

"...ஊரோட ஒத்துப் போவணுந்தான். நான் என்னா நேத்தா வந்தேன் இந்த ஊருக்கு? சுப்புராயன் மவன் சேரன் பைக்குலேர்ந்து தானா விழுந்தான்னு ஊரு சத்தியம் பண்ணட்டும். நான் பாத்தேன் மச்சான். எம் புள்ள எழிலன்தான் அவன கட்டையால அடிச்சான். தீக்குழிகிட்ட, அம்மனுக்கு எதிர்ல.

...ஆமாப்பா, சேரன் நம்ம தெரு இல்ல. பூசாரி கட்ட மாட்டேன்னுட்டாரு, அவனே மஞ்சள்ல கயித்த நனைச்சி கட்டிக்கினு வந்தான். அதுக்கு அடிக்கறதா? ...யாரு கட்டுனா என்னாடா, காப்பு காப்புதான்! காப்புக் கட்டுனவன் மேல கை வச்சா அம்மன் மேல வச்ச மாரி. ஒங்கப்பாரு எனக்குச் சொன்னது அது. ஒனக்கு மறந்துபோச்சா?"

அடுப்படி வாசலில் அவர் மனைவி புஷ்பவள்ளி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"...என்னாது? காப்ப அறுத்துட்டு சத்தியம் பண்ணவா? ஏன்டா, கயித்த அறுத்துட்டா பாத்தது பாக்காததா ஆயிடுமா? ...ஊர விட்டுத் தள்ளி வைக்கட்டும். நல்லா வைக்கட்டும். ...ஏய், கத்தாத. ...என்னா? ...எப்ப?"

சடையப்பன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"...கடலூர் ஆஸ்பத்திரியிலியா? ...உசுரு போயிடுச்சா? ...ஐயோ. சுப்புராயனுக்கு ஒத்தப் புள்ளடா அவன். ...ஐயோ சாமி.

...தெரியுது, தெரியுது. இனிமே கொலக் கேசு. பெத்தவன் எனக்குத் தெரியாதா? ...எழிலன் ஒங்கிட்டதான இருக்கான்? ...பொய் சொல்லாத. போன அவன்ட்ட குடு. ...திட்டல, குடுடா."

புஷ்பவள்ளி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தாள். விரல்கள் சதையில் பதிந்தன.

"...தம்பி. ...சாப்ட்டியாப்பா? ...அழுவாத. அழுவாதடா கண்ணு, கேளு. அப்பா ஸ்டேஷனுக்குப் போறேன். ...ஆமா. ...ஆமாம்பா, ஒன் பேரத்தான் சொல்லப் போறேன். ...எனக்கு மட்டும் பதறலியா? பெத்த மனசுடா. ...நீயா வந்துடு, நான் கூட நிக்கறேன். ஜெயிலுக்கும் வந்து பாக்கறேன், சாவுற வரைக்கும் வந்து பாக்கறேன். ...வாய மூடிக்கினு எப்பிட்றா நெருப்புல எறங்குவேன்? அந்தப் புள்ள கையிலயும் காப்பு... ஹலோ? ...தம்பி? ...ஹலோ?"

லைன் போய்விட்டது. மறுபடி அடித்தார், சுவிட்ச் ஆஃப்.

புஷ்பவள்ளி தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். கொடியில் கிடந்த சட்டையை அவரே எடுத்து மாட்டிக்கொண்டார்.