துடைத்தெடுத்த குரல்

உச்சிப் பொழுது. ஈ காக்கை இல்லாத புறவழிச் சாலை... பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னான்? கிட்டே வந்து உட்காருங்கள். அந்த ஜன்னலையும் சாத்துங்கள்.

என் கூட்டாளியின் மச்சினன் ஒருவன். வயரிங் வேலை. எல்லோரும் ஒயர்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அந்தச் சாலையில் அவன் தனியாகப் போனான். இளகிய தாரின் நாற்றம். சாலை முடிகிற இடத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம். பல ஊர்ப் பல்கலைக்கழகங்களும் மியூசியங்களும் கூட்டாக நடத்துவது. பழைய பாட்டு, பழைய பேச்சு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பொதுவில் வைத்து ஆராய்வார்களாம். இங்கே ஒன்றைத் திருத்தினால் அத்தனை ஊரிலும் அது தானாகத் திருந்திவிடும். ஒருவன் கை தவறினால் எல்லோருக்கும் போச்சு! படித்தவர்கள் மூளை அப்படி.

ஒயர்மேன் போனது அம்மாவுக்காக. அவனுக்கு மூன்று வயதிருக்கும்போது போய்ச் சேர்ந்தவள். ஒரு போட்டோகூடக் கிடையாது. அவள் சாவதற்கு முன் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து அவள் பாட்டைப் பதிந்துகொண்டு போயிருக்கிறார்கள். அவனை வளர்த்த அத்தை சொல்லியிருந்தாள்: "நீ மைக்கைப் புடிச்சு இழுத்தே. அவ பாட்டை நிறுத்திட்டு உன்னைச் செல்லப் பேர் சொல்லிக் கூப்பிட்டாடா. பாழாப்போன எனக்குத்தான் அந்தப் பேர் மறந்துபோச்சு."

அந்தப் பேர் வேண்டும் அவனுக்கு. வேறொன்றும் வேண்டாம்.

ஒலியைச் சுத்தம் செய்கிற பெண் பாட்டைப் போட்டாள். அம்மா பாடினாள். துடைத்துவைத்த மாதிரி குரல். ஒரு இருமல் இல்லை, மூச்சு இல்லை. முடிந்துவிட்டது.

"நடுவுல என்னைக் கூப்பிட்டிருப்பாளே... அது எங்கே பாப்பா?"

"அது... இரைச்சல்னு எடுத்துட்டோம்ண்ணே. பாட்டு மட்டும் இருந்தாப் போதும்னு டைரக்டர் சார் சொன்னார்."

"பழைய டேப்பு?"

"பூஞ்சை புடிச்சிருந்தது. எரிச்சுட்டாங்க."

சத்தம் கேட்டு டைரக்டரே வந்தார். "பெரியவரே, ஆராய்ச்சிக்குப் பாட்டுதான் வேணும். புள்ளையக் கூப்பிடறதெல்லாம் குப்பை."

"குப்பையா? யோவ், பாட்டு அவ ஊருக்கே பாடினதுய்யா. கூப்பிட்டது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்தது. அதைப் போய்த் திருடியிருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?" மேசையில் ஓங்கிக் குத்தினான். "இன்னொரு தரம் போடு பாப்பா!"

போட்டாள்.

பாட்டு நடுவில்... நின்றது.

ஒரு மூச்சு. ஒரு இருமல். அந்த ஏசி அறையில் விறகுப் புகை வாசம். பிறகு ஸ்பீக்கரில் அவள் கூப்பிட்டாள். ஒரே தரம். என்ன பேர் என்று அவன் இன்றுவரை எவனிடமும் சொல்லவில்லை. தலை நரைத்த மனிதன், "ம்மா..." என்றான்.

அத்தனை போனும் அலறின. எல்லா ஊரிலிருந்தும் ஒரே கேள்வி: "பாட்டுக்குள்ள யாரோ பேசறாங்களே, என்ன சார் அது?"

டைரக்டர் முகம் வெளுத்தது. திமிர் மட்டும் குறையவில்லை. "துடைச்சிடு."

"வேணாம் சார்..."

"தள்ளு." அவரே உட்கார்ந்தார். அந்தக் குரல் இருந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். அழித்தார். டிக்.

போனை எடுத்து, "சரி பண்ணியாச்சு," என்றார். மறுமுனையில், "ஹலோ... ஹலோ... லைன்ல யாருங்க?" இவர் கத்தினார். அங்கே மறுபடியும், "ஹலோ... ஹலோ..." அடுத்த போனிலும் அதே. அந்தப் பெண் வாங்கிப் பேசினாள். அவள் பேச்சு மட்டும் கேட்டது.

மறு வாரமே அவள் வேலையை விட்டுவிட்டாள். மிச்சத்தை ஒயர்மேனிடம் சொன்னது அவள்தான். எதிரில் நின்று பேசினால் டைரக்டர் குரல் யாருக்கும் நன்றாகத்தான் கேட்கிறதாம். ஆனால் வீட்டில் அவருக்கு ஒரு சின்னப் பெண். காதில் ஒரு கோளாறும் இல்லை. கதவு கிறீச்சிட்டால் திரும்புகிறாள். பூனை கத்தினால் ஓடுகிறாள். அவர் அவள் பின்னாலேயே நின்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறார்...

அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கிறாள்.