அவன் கைக்குக் கீழே என் கை

பட அட்டைகளின் மூலைகளை வட்டமாக வெட்டிவிட வேண்டும். கூராக விட்டால் பிள்ளைகளின் கன்னத்தைக் கீறிவிடும். எங்கள் மழலையர் மையத்தில் அந்த வேலையை என்னைப்போல் பொறுமையாகச் செய்தவர்கள் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடந்ததை முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள். முதல் பாதி முழுக்கச் சந்தோஷம்தான். அதை விட்டுவிட்டால் மீதி புரியாது.

என் அண்ணன் மகனை நாங்கள் மந்திரி என்று கூப்பிடுவோம். நாலு வயது. ஆட்டிசம் இருந்தது, பேச்சு வரவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தான் வரிசையாக நிறுத்திய பொம்மைக் கார்களைப் பார்வையிட்டுக்கொண்டே போவான். ஒரு கார் நூலளவு விலகியிருந்தாலும் நின்றுவிடுவான். நான் உதவியாளராக இருந்த மையத்திலேயே அவனைச் சேர்த்தோம். சொந்த அத்தையே பக்கத்தில் இருப்பது அவன் அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அட்டைப் பயிற்சி எளிமையானது. பிஸ்கட் வேண்டுமென்றால் பிள்ளை பிஸ்கட் படத்தை எடுத்து எதிரே இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் உதவியாளர் பின்னால் உட்கார்ந்து பிள்ளையின் கையைப் பிடித்து எடுக்க வைப்பார். பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு தோள் என்று பிடியைத் தளர்த்திக்கொண்டே வந்து, ஒருநாள் முழுதாக விட்டுவிட வேண்டும். பதிவுத்தாளில் மூன்று கட்டங்கள் இருக்கும்: முழு உதவி, பாதி உதவி, தானாக.

நான் விடவில்லை. அதுதான் நான் செய்தது. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

விடத்தான் நினைத்தேன். ஆனால் மூன்றாவது வாரம், அண்ணி அவனை அழைத்துப்போக வந்த நேரத்தில், அவன் கை என் கையோடு போய் அவளுடைய புகைப்பட அட்டையை எடுத்து நீட்டியது. அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னையா கேக்குறான்? நெஜமா என்னையா?"

"வேற யாரை அண்ணி? உங்களைத்தான்."

அவள் சிரித்தாள், அழுதாள், செருப்பைக் கால்மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தாள். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. அண்ணன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கூடத்தில் ஆடினான். ஆடத் தெரியாதவன் ஆடினால் எப்படியிருக்கும் தெரியுமா, அப்படி. அந்த ஆட்டத்தைக் கெடுக்க உங்களுக்கு மனம் வருமா? மறுநாள் 'தானாக' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

அதன்பிறகு மந்திரி வாயாடி ஆகிவிட்டான். அண்ணனின் புதுச் சட்டையைப் பார்த்து 'சட்டை', 'வேண்டாம்' என்று இரண்டு அட்டைகளைக் கொடுத்தான்.

"டேய், ஆபீஸே சூப்பர்னு சொன்ன சட்டைடா இது."

"ஆபீஸே பொய் சொல்லியிருக்கு. எம்புள்ள ஒருத்தன்தான் உண்மையச் சொல்றான்," என்றாள் அண்ணி. "அப்படியே உங்க மூஞ்சியப் பத்தியும் ஒரு வார்த்தை கேளுங்களேன்."

'முகம்' என்றும் ஒரு அட்டை இருந்தது. முகமும் வேண்டாம் என்றான் மந்திரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை, என் பிடியிலிருந்து கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். வேடிக்கையாகப் பேசுகிறவர்கள் தாங்கள் சிரிப்பதில்லை.

பயிற்சி டீச்சர் ஒருமுறை கேட்டார்: "கையை எடுத்துட்டீங்க இல்ல?"

"எப்பவோ எடுத்தாச்சு டீச்சர். அவன் பயப்படாம இருக்கத்தான் சும்மா தொட்டுக்கிட்டு இருக்கேன்."

சொன்னபோது எனக்கே அது உண்மையாகப் பட்டது. எது அவன் நினைப்பு, எது என் நினைப்பு என்று பிரிக்க முடியாத அளவுக்கு ஒன்றாகிவிட்டோம்.

பெற்றோர் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை. எல்லோர் முன்னாலும் மந்திரி மூன்று அட்டைகளில் ஒரு முழு வாக்கியம் சொல்வதாக ஏற்பாடு. மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் என் கையைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதன்கிழமை காலை ஒத்திகைக்கு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் கை அவன்மேல் இல்லை. அட்டைகளை ஒட்டிவைக்கும் பலகையிலிருந்து அவன் ஒன்றைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தான். 'வலி'. திருப்பி ஒட்டினேன். மறுபடி பிய்த்து வைத்தான். மூன்றாம் முறை என் விரல்களை அட்டையின்மேல் மடக்கி, இரண்டு கைகளாலும் அழுத்தினான்.

விளையாடுகிறான் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். நினைக்கவில்லை. அவன் உடம்பு சுட்டது எனக்குத் தெரிந்தது. ஆனால் இப்படி வெடுக்கென்று, முரட்டுத்தனமாக அவன் கொடுப்பதை யாராவது பார்த்துவிட்டால், அத்தனை நாளும் பேசியது வேறு யாரோ என்று புரிந்துவிடும். அட்டையை என் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

மாலையில் அண்ணி கேட்டாள்: "ஏன் இப்படிச் சுருண்டு படுக்குறான்? ஒரு வாய் சாப்பிடல. டாக்டர்கிட்ட போயிரலாமா?"

"அவனையே கேப்போமே அண்ணி."

கையைப் பிடித்தேன். 'சந்தோஷம்' வந்தது. அண்ணி அவன் முகத்தைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். அட்டையை நம்பினாள். அப்படி நம்பக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

ஆனாலும் மனசு கேட்காமல் வியாழக்கிழமை டாக்டரிடம் தூக்கிப் போனாள். அட்டைகளை எடுத்துக்கொண்டு நானும் போனேன். வயிற்றில் கை வைத்ததும் மந்திரி உதைத்தான். தொட்டாலே இவன் இப்படித்தான் என்று விளக்கினேன்.

"வயிறு வலிக்குதா கண்ணா?"

அவன் கை என் கையோடு அலைந்து 'இல்லை'யில் நின்றது. டாக்டர் அசந்துபோனார். "கெட்டிக்காரப் பயலா இருக்கானே," என்று சொல்லிக் காய்ச்சலுக்கு மட்டும் மருந்து எழுதினார்.

வெள்ளிக்கிழமை கூட்டம் பிரமாதம். 'எனக்கு', 'அம்மா', 'பிடிக்கும்'. அப்படி ஒரு கைதட்டலை அந்த மையம் கேட்டதில்லை. அது ஓய்ந்த பிறகுதான் அவன் என் மடியிலிருந்து சரிந்தான். குடல்வால் முந்தின நாளே வெடித்திருக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டான்.

அண்ணி அதற்குப் பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மொத தடவை என்னைக் கேட்டானே. அது ஒண்ணாவது அவன் கேட்டதுதானா?"

ஆமாம் என்றேன். அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம், எல்லாம் நான்தான். அட்டையை ஒளித்தது நான். டாக்டருக்குப் பதில் சொன்னதும் நான். ஐந்து மாதப் பதிவுத்தாள்களில் இருப்பது என் கையெழுத்து. அவன் தானாகச் சொன்ன ஒரே சொல்லை எந்தத் தாளிலும் நான் எழுதவில்லை. என்ன தண்டனை என்றாலும் சரி.

அவன் என்மேல் வருத்தத்தோடு போனான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சனிக்கிழமை தீவிர சிகிச்சைப் பிரிவில் என்னை ஐந்து நிமிடம் அவனோடு விட்டார்கள். மன்னிப்புக்கு எங்களிடம் அட்டை கிடையாது. வெளியே காத்திருந்தபோது மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் நானே ஒன்று வரைந்து வைத்திருந்தேன். அவன் அதை எடுத்து எனக்குக் கொடுத்தான். அவனுக்கு அப்போது நினைவே இல்லை என்று அங்கிருந்த டாக்டர் சொல்வார். அந்த டாக்டருக்கு அவன் பேச்சு பழக்கமில்லை.