எல்லப்பனின் அரிஷ்டத் தொட்டி

— நான் சொல்றன் கேளுங்க மேடம், இது அந்த ஒத்தக்கொம்பன் யானை வேலதான். இந்த தேன்கனிக்கோட்டை வட்டாரத்துல செவுத்த இப்படிச் சாய்க்கறதுக்கு வேற யாருக்குத் தெம்பு இருக்குது?

— இருக்கட்டும் எல்லப்பண்ணே. வனவரா வந்துட்டு, பாக்காம எழுத முடியாதுல்ல. எப்ப நடந்துச்சு?

— இன்னிக்கு விடியற நேரம். கெணத்துக்கிட்ட பல்லு வெளக்கினு நிக்கறன், டமார்னு ஒரு சத்தம். ஓடியாந்து பாத்தா தொட்டி வெச்ச கொட்டாய்க்கு ஒரு பக்கம் செவுரு இல்ல. ஒரு தொட்டி அரிஷ்டம் பூராவும் தரையில ஓடுது.

— ஆளுகளுக்கு ஒண்ணுமில்லையே?

— உள்ள யாரும் இல்ல. சாமி காப்பாத்துச்சு.

— யானையக் கண்ணால பாத்தீகளா?

— பாக்க வேற வேணுமா? வருசா வருசம் வருது. வெல்லத்து வாசனைக்கு அப்படி அலையும்.

— அரிஷ்டம்னா சாராயம் மாதிரியாண்ணே?

— ஐயய்யோ, அந்தப் பேச்சே பேசாதீங்க. மருந்து! பத்து வகை வேர இடிச்சு, அண்டாவுல கால்வாசியா சுண்டற வரைக்கும் காய்ச்சணும். வடிகட்டி ஆற வெச்சு, வெல்லம், தேன், காட்டாத்திப்பூ போட்டு மூடிட்டா தானா நுரைக்கும். புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து கெளம்பும். மாசம் போனா அடங்கும். காத வெச்சுக் கேட்டா சத்தமே இருக்கக் கூடாது, அதான் பதம். ஓசூர் வரைக்கும் புள்ள பெத்தவங்களுக்கு நம்ம தசமூலாரிஷ்டந்தான், கேட்டுப் பாருங்க.

— தொட்டியெல்லாம் புதுசாத் தெரியுது?

— எவர்சில்வர்! நம்ம சொந்தக்காரப் பையன் ஓசூர் கம்பெனியில வெல்டிங் பண்றான், அவன் செஞ்சு குடுத்தது. முன்ன மரத்தொட்டி. துணிய சுத்தி மண்ணு பூசி மூடுவம். வாசனை கசிஞ்சு காடு வரைக்கும் போவும், யானை வந்துரும். இப்ப ரப்பர் வாஷர் வெச்சு, போல்ட்டு போட்டு டைட்டு பண்ணியாச்சு. ஒரு எறும்பு நுழையட்டும் பாக்கலாம்!

— வாசனையும் காத்தும்கூட வெளிய போகாதா?

— துளி போவாது.

— அப்ப யானைக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?

— அது... யானை மேடம். அதுக்குத் தெரியும்.

— தடம் ஒண்ணுகூடக் காணோமேண்ணே. நேத்துப் பேஞ்ச மழை ஈரம் அப்படியே இருக்கு, என் செருப்பே பதியுது.

— நான் சொல்றன் கேளுங்க. ஊரே ரோட்டுல உக்காந்திருக்குது. அந்தக் கொம்பன லாரியில ஏத்தற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாங்க. நாந்தான் உக்கார வெச்சன். மேலிடத்துக்கு ஒரு வரி எழுதுங்க, போதும்.

— எழுதுனா கும்கி யானை வரும், மயக்க ஊசி போடுவாங்க. வயசான யானைண்ணே அது. எந்திரிக்காமலே போயிருச்சுன்னா?

— எம் பொழப்பு போச்சே, அதுக்கு என்னா சொல்றீங்க?

— இங்க வந்து பாருங்க. செங்கல்லு எந்தப் பக்கம் கெடக்கு?

— வெளிய, காட்டுப் பக்கமா.

— வெளிய இருந்து யானை முட்டியிருந்தா?

— உள்ள விழும்... அப்ப தும்பிக்கையில புடிச்சு இழுத்திருக்கும்!

— சரி, மேல பாருங்க. கூரைத் தகரத்துல சொருகி நிக்குதே, என்னது அது?

— தொட்டி மூடி. அது எப்படி அங்க போச்சு?

— அண்ணே, அந்தத் தொட்டி மேல சாஞ்சு நிக்காதீங்க. மெதுவா இந்தப் பக்கம் வாங்க. அதுக்கும் இதே மூடிதானா?

— மூணுக்கும் ஒரே மூடி, போன வாரம் ஒரே நாள்ல ஊத்துனது, இன்னும் நுரை அடங்கல. ஏன்? ஐயோ, கைய விடுங்க மேடம், இழுக்காதீங்க!

— ஓடுங்கண்ணே! உங்க யானை உள்ளதான் இருந்திருக்கு. இன்னும் ரெண்டு இருக்கு!