ஒரே காவிரி, வேறு வேறு மழை

அல்சூரில் பஸ் ஏறி உட்கார்ந்தபோது முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே துணிக்கடையில் வேலை பார்ப்பவர்கள் என்று சீருடையில் தெரிந்தது. இளையவள் சொன்னதைக் கேட்டு நான் போனைப் பையில் வைத்துவிட்டேன்.

"அவருக்கும் எனக்கும் ஒரே காவிரிதான்க்கா. ஆனா அங்க வெள்ளம் போறப்ப எங்க ஊர்ல வெறும் மணலு."

அவள் கும்பகோணத்துக்காரி. கணவன் குடகில் காபித் தோட்டத்தில் சூப்பர்வைசர்.

"அதுக்கு இன்னா இப்போ?" என்றாள் மூத்தவள்.

"ஆடியில அங்க மழை. ஆறு ஏறி ரோட்ட மூடிடுது, அவரால எங்க ஊருக்கு வர முடியல. எங்க ஊருக்கு ஐப்பசியிலதான் மழை, அப்ப எங்க பக்கம் ரோடு முங்கிடும். அது ஓயறதுக்குள்ள அங்க காபிப்பழம் பறிக்க ஆரம்பிச்சிடுவாங்க, லீவு கெடைக்காது."

"அப்போ எப்பதான் பாத்துக்கறது?"

"பங்குனியில. ரெண்டு பக்கமும் ஆறு வத்திக் கெடக்கறப்ப."

பஸ் சிக்னலில் நின்றது.

"போன ஆடியில நான் ஊர்ல இருந்தேன். போன் பண்ணாரு. 'போன வாரம் உன் பேரச் சொல்லி ஆத்துல பூ விட்டேன், அந்தத் தண்ணி வந்துச்சா'ன்னு கேட்டாரு. தண்ணியெல்லாம் அணையிலயே நின்னுடுச்சுக்கா. எங்க படித்துறைக்குக் கீழ பசங்க கிரிக்கெட் ஆடிட்டிருந்தாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"வந்துடுச்சு, கால நனைச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன்னேன்."

மூத்தவள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.