மூக்கில் விடும் மருந்து

1. மூதூருக்குப் போகும் காலை லோஞ்ச் படகு வரவில்லை.
2. சோதனைச்சாவடியில் பைகளைத் திறந்து காட்டிய பிறகும் இறங்குதுறையில் வரிசையாக நின்றோம்.
3. எனக்கு முன்னால் ஐஸ்பெட்டியோடு நின்ற பெண் தன் அக்காவிடம், "மனசுக்கு மருந்தாம், மூக்கில விடவேணுமாம்" என்றாள்.

"ஆர் தந்தது?"

"ரஷ்யாவில டொக்டருக்குப் படிக்கிற தம்பி. பெப்டைட் எண்டு பேராம். மூளை திரும்பப் பழக உதவுமோ எண்டு இன்னும் ஆராய்ச்சிதானாம்."

"அதையே ஐஸில வைச்சிருக்கிறாய்? நான் மீனெண்டெல்லே நினைச்சன்."

"செல் விழுந்து வெடிச்ச பிறகு இவர் ஒரு சொல்லும் கதைக்கிறேல்லை, அக்கா. மாமி என்னெண்டா, மகனை மயக்க நான் மருந்து போடப்போறனெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறா."

"கலியாணம் கட்டின அண்டைக்கே மயங்கின மனுசன். இனி என்னத்தை மயக்கிறது?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு அக்கா கேட்டாள்.

"அவருக்கு விருப்பமோ? கேட்டனியே?"

"கேட்டனான். தலையை ஆட்டினார். ஓமெண்டு ஆட்டினாரோ, வேண்டாமெண்டு ஆட்டினாரோ விளங்கேல்லை."

"அப்ப வாயால சொல்லட்டும்."

"வாயால சொல்ல ஏலுமெண்டா மருந்து எதுக்கக்கா?"

அக்கா சொன்னாள், "ஓமெண்டா கையைப் பிடிக்கச் சொல்லு. பிடிக்காட்டி மருந்தை விடாதை."

லோஞ்ச் வந்தது. ஐஸிலிருந்த மருந்துக் குப்பி இன்னும் திறக்கப்படவில்லை. அவருடைய விருப்பம் இன்னும் தெரியவில்லை.