கழுதைக்குப் போட்ட பாலம்

— சுபா, அந்த ஜெர்மன் வாத்தியார் இன்னும் லைன்ல இருக்காரா? மூஞ்சியே தெரியலையே.

— இருக்காருப்பா. கேமராவ அடைச்சிட்டாரு. நம்ம பக்கம் மைக் ஆஃப், பேசறது கேக்காது. நீங்க நோட்டப் பாத்து வார்த்தை கேளுங்க. ஜெர்மனியில நர்ஸ் வேலைக்கு நாளைக்கு டெஸ்ட்.

— எஸெல்ஸ்... என்னா லா இது, பட்டர்வொர்த் ரயிலு மாதிரி நீளமா?

— எஸெல்ஸ்ப்ரூக்கே. எஸெல்னா கழுதை, ப்ரூக்கேனா பாலம். ரெண்டையும் ஒட்டிட்டாங்க. மறக்காம இருக்க ஒரு சின்ன தந்திரம் வெச்சுக்குவோம்ல, அதுக்குப் பேரு.

— அதுக்கு எதுக்கு கழுதை?

— முழங்கால் தண்ணியா இருந்தாலும் கழுதை ஓடையில இறங்காதாம். மேல பளபளன்னு இருக்கும், அடி தெரியாது. அடிச்சாலும் நகராது. கடைசில சின்னதா ஒரு பாலம் போட்டுக் குடுத்தாங்களாம். தானா நடந்து போயிருச்சு.

— அப்ப அது மக்கு இல்ல.

— பயம்தான்பா.

— ம்.

— அடுத்த வார்த்தை கேளுங்க. அப்பா, நோட்டத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க.

— உங்கண்ணன் கோகுலன் சின்னப் புள்ளையில எட்டாம் வாய்ப்பாட்டுல நின்னுருவான். போர்ட்ல ரெண்டு ஷிப்ட் கிரேன் ஓட்டிட்டு வந்த கடுப்பு எனக்கு. பிஸ்கட் பெட்டி அட்டையக் கிழிச்சு, ‘நான் கழுதை’ன்னு எழுதி, அவன் கழுத்துல மாட்டி லிஃப்டுக்கு முன்னால நிக்க வெச்சேன். பிளாட்டே பாத்துச்சு.

— தெரியும்பா. பக்கத்து வீட்டு காமாரியா அக்காதான் வந்து கழட்டி விட்டாங்க.

— என்னைய ஒரு பார்வை பாத்தாங்க. திட்டியிருந்தாக்கூட தேவலை.

— அந்த அட்டை?

— மறுநாளே கிழிச்சுப் போடலாம்னு தேடினேன். கெடைக்கல. அவன் வீட்ட விட்டுப் போயி ஏழு வருஷமாச்சு, எந்த ஊருன்னுகூட தெரியல. இப்பவும் கட்டிலுக்கு அடியில, அலமாரிக்குப் பின்னாலன்னு தேடிக்கிட்டுதான் இருக்கேன்.

— கெடைச்சா?

— கெடைச்சா என்னா பண்ணுவேன்னு தெரியலமா. பயந்த புள்ளையக் கழுதைன்னு சொல்லிட்டேன்னு யார்கிட்ட போயி சொல்றது?

— அப்பா, கோவப்படாதீங்க. மைக்க நான் அடைக்கவே இல்ல. இந்த நோட்டு, இந்தப் பாடம், எல்லாமே உங்களப் பேச வைக்கத்தான். அங்க இருக்கறது வாத்தியார் இல்லப்பா.

— பின்ன யாரு?

— என் கழுத்துல மாட்டுன அந்த அட்டை என்கிட்டதான் இருக்குப்பா.