பச்சை ரிப்பன்

தீயணைப்பு நிலையங்களின் புது அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பதில் மிகவும் கஷ்டமான வேலை எது தெரியுமா ஐயா? அவர்களை ஓர் இடத்தில் நிற்க வைப்பது. பத்து வருஷம் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடிய கால்கள். பதவி உயர்வு வந்ததும், "இனி நீங்கள் உள்ளே போகக்கூடாது, வெளியே நின்று ஆள்களை அனுப்புங்கள், எண்ணுங்கள், வாக்கி டாக்கியில் கேளுங்கள்" என்றால் அவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பதினான்கு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். மைதானத்தின் கோடியில் இருந்த அந்த இரண்டடுக்குக் கட்டடத்தில், பொய்ப் புகையை விட்டு நல்ல அதிகாரிகளை உருவாக்கினேன்.

நீங்கள் கேட்டது என் மச்சானைப் பற்றி. வருகிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பயிற்சிப் பள்ளியின் இயக்குநர். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர். அதை நான் மறந்துவிடுவேனோ என்ற கவலை அவருக்கு எப்போதும் உண்டு. அதனால் ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேசையில் ஞாபகப்படுத்துவார். "மாப்ளைக்குத் தீக்குச்சி உரசக்கூடத் தெரியாது, நான்தான் தீயணைப்புல சேத்துவிட்டேன்" என்பார். என் மனைவி சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வீட்டோடு மாப்பிள்ளைக்கு வேறு என்ன வழி?

மூன்று வருஷத்துக்கு முன் பயிற்சிக்கு வந்த ஒருவர் எண்பது கிலோ பொம்மையைத் தூக்கப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மச்சான் உடனே சுற்றறிக்கை விட்டார். இனிமேல் பயிற்சியில் யாரையும் தூக்க வேண்டாம். பொம்மையோ, அடிபட்டவராக நடிக்கும் ஆளோ, மணிக்கட்டில் ஒரு பச்சை ரிப்பனைக் கட்டினால் காப்பாற்றியதாக அர்த்தம். ஆளாக இருந்தால் அவரே எழுந்து நடந்து வந்துவிடலாம். நான் அவர் அறைக்கே போய்ச் சொன்னேன்.

"மச்சான், கை எதைப் பழகுதோ அதைத்தான் செய்யும். நாளைக்கு நிஜமான ஆளையும் ரிப்பன் கட்டி விட்டுட்டு வந்துடுவாங்க."

"அதிகப்பிரசங்கித்தனம் வேணாம் மாப்ள. போய் வேலையப் பாருங்க."

போய் வேலையைப் பார்த்தேன். போன மாதம் அடுத்த சுற்றறிக்கை வந்தது. கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். இனி எல்லாம் கம்ப்யூட்டர் திரையில். புது அதிகாரிகள் ஏசி அறையில் சாய்ந்து உட்கார்ந்து தீயை அணைப்பார்கள். எனக்குக் கிடங்கில் குழாய் சுருட்டும் வேலை. என் வயிறு எரிந்தது ஐயா, அதை மறைக்கவில்லை.

கடைசிப் பயிற்சியைப் பார்க்க மச்சான் நேரில் வந்தார். அன்று அடிபட்டவராக நடிக்க வேண்டிய ஓய்வுபெற்ற டிரைவர் வரவில்லை. வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"நீங்க படுக்கிறீங்களா மச்சான்?" என்று கேட்டேன். ஆண்டு விழா நாடகங்களில் ராஜா வேஷம் கட்டியவர். கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நான் நடிச்சா உங்க ஆளுங்க அழுதுடுவாங்க, பாருங்க."

மாடி அறையில் இரும்பு அலமாரி காலில் விழுந்துவிட்டது என்பது கதை. பொருத்தமாக இருக்கட்டும் என்று அவர் காலை அலமாரியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். "இன்னும் கொஞ்சம் இறுக்குங்க மாப்ள, பாக்கிறவன் நம்பணும்ல" என்றார். அவர் பேச்சை நான் என்றைக்குத் தட்டியிருக்கிறேன்?

அன்றைய தலைமைப் பொறுப்பு டீச்சருக்கு. இந்த வேலைக்கு வருவதற்கு முன் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் என்பதால் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். வழக்கமாகப் புகை இயந்திரம் மட்டும் ஓடும். அன்று கீழ் அறையில் பழைய மெத்தைகளை அடுக்கியிருந்தேன். "இன்னைக்கு நிஜப் புகையும் கொஞ்சம் சூடும் இருக்கும், பயப்படாதீங்க, எல்லாம் என் கட்டுப்பாட்டுல இருக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். யாரையும் ஏமாற்றுவது எனக்குப் பிடிக்காது.

டீச்சர் அருமையாக நின்றார். ஓர் அடி முன்னே வைக்கவில்லை. இரண்டு பேரை மாடிக்கு அனுப்பினார், பின்பக்கம் குழாய் இழுக்கச் சொன்னார், நிமிடத்துக்கு ஒரு முறை ஆள்களை எண்ணினார். மாடியிலிருந்து வாக்கியில் குரல் வந்தது.

"மேடம், அடிபட்டவர் கிடைச்சிட்டார். பயங்கரமா இருமுறார்."

"ரிப்பன் கட்டியாச்சா?"

"கட்டியாச்சு. இது பயிற்சி இல்லடா, கயித்த அறுங்கடான்னு கெட்ட வார்த்தையில திட்டுறார் மேடம்."

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், டைரக்டர் சார் நடிக்கத்தானே செய்றார்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பயிற்சிக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. பயிற்சியில் யாருக்காவது உண்மையிலேயே ஆபத்து என்றால் 'சிவப்பு' என்று மூன்று முறை சொல்ல வேண்டும். மற்ற எந்தக் கூச்சலும் நடிப்புதான். அந்தக் கையேட்டில் கையெழுத்துப் போட்டவர் மச்சான். படித்துப் பார்த்ததில்லை.

"சிவப்புன்னு சொன்னாரான்னு கேளுங்க" என்றேன். டீச்சர் கேட்டார்.

"இல்ல மேடம். அது ஒண்ணத் தவிர மத்த எல்லாம் சொல்லிட்டார்."

"அப்ப பயிற்சி தொடருது" என்றேன்.

டீச்சர் தாளில் ஒரு டிக் போட்டு, குழுவை வெளியே வரச் சொன்னார். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கும் உரிமை இருந்தது ஐயா. மூன்று முறை சொல்ல இரண்டு நொடி ஆகும். நான் டீச்சருடைய மதிப்பெண் தாளை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

பதினோராவது நிமிடம் மாடி ஜன்னல் கண்ணாடி வெடித்தது. டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவரே வாக்கியில் 'சிவப்பு' என்று மூன்று முறை கத்திவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். கயிற்றை அறுத்து, அவரைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக இறங்கி வந்தார். மச்சான் எண்பது கிலோவுக்கு மேலேயே இருப்பார். ஆனால் நேரம் கடந்துவிட்டது. மணிக்கட்டில் ரிப்பன் மட்டும் அப்படியே இருந்தது.

தலைமை அதிகாரி தன் இடத்தை விட்டு நகரக்கூடாது. ஐந்து மதிப்பெண் குறைத்தேன். இருந்தாலும் அவர் தேர்ச்சி பெற்றுவிட்டார். தயவுசெய்து அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், பாவம், இன்னும் அழுதுகொண்டிருக்கிறாராம்.

நெருப்பு வைத்தது நான். கயிறு கட்டியது நான். வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ரிப்பன் மட்டும் மச்சானுடையது, அதை என் தலையில் கட்டாதீர்கள்.

என் மனைவி இதுவரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணன் கத்துனது உங்களுக்குக் கேக்கலையா?" கேட்டது. மூன்று வருஷமாக நான் சொன்னது அவருக்கு எவ்வளவு கேட்டதோ, அவ்வளவு கேட்டது.

மச்சான் மட்டும் இன்று இருந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை மேசையில் எல்லார் முன்னாலும் அவரே ஒத்துக்கொண்டிருப்பார் ஐயா, இந்தப் பயிற்சியெல்லாம் கம்ப்யூட்டரில் வராது என்று.